பரஸ்தானம் வைத்த பாஸ்போர்ட்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் நீங்கள் திறந்திருக்கும் புது டிராவல்ஸ் அலுவலகத்தைப் போன வாரம் வந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வருகிறவர்களுக்குச் சாய்வு நாற்காலி, எல்லாம் நன்றாக இருக்கின்றன. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒரு வாக்கியம் மட்டும் நன்றாக இல்லை. ‘பயணிகளின் கவனக்குறைவால் ஏற்படும் இழப்புகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’

கிளம்பும்போது உங்களில் ஒருவர், “சார், உங்க அனுபவத்தை எங்களுக்காக எழுதித் தாங்களேன்” என்று கேட்டார். எழுதுகிறேன். அந்த வாக்கியத்துக்கு எதிராகத்தான் எழுதுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காவிட்டால் இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை ஒரு தாள்கூடக் காலியாக விட்டதில்லை. எனவே இங்கே நான் சொல்லும் கிழமைகளை யாரும் சந்தேகிக்க வேண்டாம். வருஷம் 1995. மெட்ராஸ் பெயர் மாறிச் சென்னையாவதற்கு முந்தைய வருஷம். மாதம் ஆவணி.

அப்போது எங்கள் டிராவல்ஸில் ஒரு சிறப்பு வேலை உண்டு. திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ராதாபுரம் பக்கத்து வயதானவர்களை மெட்ராஸுக்கு அனுப்பி, அங்கே லாட்ஜில் தங்கவைத்து, மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிடுவது. பிள்ளைகள் ஷார்ஜாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கடிதம் எழுதுவார்கள்: ‘அம்மாவைப் பத்திரமாக அனுப்பிவைக்கவும்.’ கருப்பட்டிச் சிப்பத்துக்கும் அதே வாக்கியத்தைத்தான் எழுதுவார்கள். எனக்கு அந்தக் கடிதங்களைப் படித்தாலே கோபம் வரும்.

வயதானவர்களுக்கு லாட்ஜ் பார்ப்பது ஒரு தனி வேலை. நான் எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு லாட்ஜாக நடந்துபோய்ப் பார்த்தேன். படிகளை எண்ணினேன். சோப்புக் கையோடு குளியலறைத் தாழ்ப்பாளைத் திறக்க முடிகிறதா என்று உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு சோதித்தேன். ஒரு லாட்ஜில் திறக்க முடியாமல் கத்திக் கூப்பிட்டு வெளியே வந்தேன். தனியாக வரும் பெண்களுக்கு அறை கொடுப்பதில்லை என்று சொன்ன லாட்ஜுகள் அனேகம். “எழுபது வயசு அம்மாவுக்குமா?” என்று கேட்டால், “ரூல் சார்” என்பார்கள். அத்தனை பெயரையும் என் பட்டியலில் அடித்தேன். அடித்தபிறகு மிஞ்சியது ஒன்றே ஒன்று. எழும்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த பழைய லாட்ஜ். அதன் மேனேஜர் ராதாபுரத்துக்காரர். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று சொல்வேன். பெயர் போட்டால் சண்டைக்கு வருவார், ஆகையால் வேண்டாம்.

“வே, வயசாளிக்கு ரூமைக் காட்டும்போது சாவியை முதல்ல கையில குடுக்காதேயும். கக்கூஸை முதல்ல காட்டும். அது சரியா இருந்தாத்தான் மத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்” என்பார். பெரிய ஹோட்டல் நிர்வாகப் புத்தகங்கள் சிலவற்றை நான் வாங்கிப் படித்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை எவரும் எழுதவில்லை.

என்னிடமும் ஒரு முறை இருந்தது. பயணிகளிடம் கேட்க வேண்டிய பதினான்கு கேள்விகளைச் சைக்ளோஸ்டைலில் உருட்டி அச்செடுத்து வைத்திருந்தேன். கண்ணாடி, பல் செட், மாத்திரை, பாஸ்போர்ட், டிக்கெட், இறங்கும் ஊரில் வந்து கூட்டிப்போகிறவரின் பெயர், இப்படி. ஒவ்வொன்றாகக் கேட்டு, கண்ணால் பார்த்து, டிக் அடிப்பேன். அந்தத் தாளைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. இந்தக் கதை அந்தக் கர்வத்தின் கதை.

ஸ்ரீவைகுண்டத்தில் கோமதியம்மாள் என்று ஒரு கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தங்கை. அவரைச் சின்ன வயதிலேயே மலேயாவில் கொடுத்துவிட்டார்கள். கப்பலேறிப் போன தங்கையை டீச்சர் அதன்பிறகு பார்க்கவே இல்லை. நாற்பத்தோரு வருஷம். இப்போது தங்கை பினாங்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆவணி பிறந்ததும் அவர் மகனிடமிருந்து போன் வந்தது: ‘பெரியம்மா, சீக்கிரம் வாங்க. நாள் இல்லைன்னு டாக்டர் சொல்றார்.’

புதன்கிழமை இரவு மெட்ராஸிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் ஓர் இடம் கிடைத்தது. அதை விட்டால் பத்து நாள் கழித்துத்தான் அடுத்த இடம். அந்தப் பத்து நாள் அந்தத் தங்கைக்கு இல்லை.

சனிக்கிழமை டீச்சர் ஜங்ஷன் அலுவலகத்துக்கு வந்தார். பதினான்கு கேள்விகளையும் கேட்டேன். பாஸ்போர்ட்டைத் திறந்து விசாவைப் பார்த்தேன், டிக்கெட்டைப் பார்த்தேன், டிக் அடித்தேன். செவ்வாய்க்கிழமை மாலை ரயில், புதன் காலை எழும்பூர், பகல் முழுக்க லாட்ஜில் ஓய்வு, சாயங்காலம் மீனம்பாக்கம் என்று எழுதிக் கொடுத்தேன்.

டீச்சர் தாளைப் பார்த்துவிட்டு, “செவ்வாக்கிழமை வடக்க சூலம்லா?” என்றார்.

செவ்வாயும் புதனும் வடக்கே போகக்கூடாது என்பது இங்கே பலருக்கும் உள்ள கணக்கு. நான் அப்போது நிறையப் படித்தவன் என்ற நினைப்பில் இருந்தேன். சிரித்துக்கொண்டே, “ஒரு தம்ளர் பாலைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க டீச்சர், சூலம் ஒண்ணும் செய்யாது” என்றேன். வடக்குச் சூலத்துக்குப் பால்தான் பரிகாரம் என்பதும் எனக்குத் தெரியும், அதைத் தெரிந்துகொண்டு கிண்டல் செய்தேன். டீச்சர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அலைய வேண்டாமே என்று நானாக ஒரு அம்பாசிடர் காரை அவர் வீட்டு வாசலுக்கே அனுப்பினேன். ஸ்டேஷனில் நானே நின்று ரயிலில் ஏற்றினேன். கண்ணாடி? இருக்கிறது. மாத்திரை? இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. அதற்குத்தான் சனிக்கிழமையே டிக் அடித்தாயிற்றே.

புதன்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்ததும் போன் மணி அடித்தது. ராதாபுரத்துக்காரர்.

“என்னவே ஆளை அனுப்பியிருக்கீரு? டீச்சரு நல்லா வந்து சேந்துட்டாவ. பாஸ்போர்ட்டைத்தான் காணும்.”

“அண்ணாச்சி, விளையாடாதேயும்.”

“காலங்காத்தால விளையாட எனக்கென்ன வேற சோலி இல்லியா? இந்தா, அவங்ககிட்டயே பேசும்.”

டீச்சரின் குரல் வகுப்பில் பேசுவதுபோல நிதானமாக இருந்தது. “உலகம்மா வீட்டுல இருக்கு. பரஸ்தானம் வச்சேன். எடுக்காம வந்துட்டேன்.”

உங்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். புறப்படும் நாளோ திசையோ சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்து, கூடவே கொண்டுபோகிற பொருள் ஒன்றை, போகிற திசையில் உள்ள வேறு ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பொருள் புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்ட மாதிரி. பிறகு கிளம்பும் நாளில் போகிற போக்கில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். சாதாரணமாக ஒரு புடவை, ஒரு துண்டு வைப்பார்கள். டீச்சர் கணக்கு வாத்தியார் இல்லையா, யோசித்திருக்கிறார். எது இல்லாமல் இந்தப் பயணமே இல்லையோ அதுதானே உண்மையில் புறப்பட வேண்டும்? பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, திங்கட்கிழமை காலையில், ஊருக்கு வடக்கே இருந்த உலகம்மாள் வீட்டில் வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அந்த வழியாக நடந்து போய், பையை வாங்கிக்கொண்டு, அப்படியே பஸ் ஏறுவது திட்டம்.

அந்தத் திட்டத்தில் ஒரு பிசகும் இல்லை. நான் அனுப்பிய கார்தான் பிசகு. வாசலில் கார் வந்து நின்றதும் தெரு கூடிவிட்டது. பெட்டியைத் தூக்க நாலு பேர், திருநீறு பூச நாலு பேர். பாலைக் குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி நேராகத் திருநெல்வேலி ரோட்டைப் பிடித்துவிட்டது.

“இன்னைக்குள்ள கொண்டு வந்து சேர்க்க முடியுமா?” என்று கேட்டார் டீச்சர். நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “ரயில்ல நாளைக்குக் காலையிலதான் வரும். கார்ல நீங்க இப்பவே புறப்பட்டாலும் ராத்திரி பத்து பதினொண்ணு ஆகும். எட்டு மணிக்குக் கவுண்டரை மூடிருவாங்க. மதுரையில இருந்து மத்தியானத்துக்கு மேல ஒரு ப்ளேன் இருக்குன்னு இவங்க சொல்லுதாங்க. அதுதான் ஒரே வழி. சரிதானே?”

“சரிதான் டீச்சர்.”

“ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். உலகம்மா யாருகிட்டயும் பையைக் குடுக்க மாட்டா.”

“நீங்க சொன்னதாச் சொல்றேன்.”

“சொல்லுங்க. நம்ப மாட்டா.”

முதலாளி உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் தொழிலில் எல்லைக்கோடு போட்டு வைத்திருப்பவர். “பாஸ்போர்ட்டை அடுத்த வீட்டுல வச்சிட்டுப் போறதுக்கு நாமளாவே பொறுப்பு? எழும்பூர்ல இறக்கி விட்டாச்சு. நம்ம வேலை முடிஞ்சுது.”

“அண்ணாச்சி, காரை அனுப்புனது நான்.”

“நல்லதுக்குத்தான அனுப்புனீரு?”

“நல்லதுக்கு அனுப்புனாலும் நான்தான அனுப்புனேன்?”

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் காரில் ஏறிவிட்டேன். நேற்று டீச்சரை ஏற்றி வந்த அதே கார், அதே டிரைவர்.

உலகம்மாளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். வாழைத் தோட்டங்களை ஒட்டிய தெருவில் ஓடு வேய்ந்த ஒற்றை அறை வீடு. நடவு, களையெடுப்பு, தார் சுமக்கும் வேலை. வாசலில் உட்கார்ந்து வாழை நார் கிழித்துக்கொண்டிருந்தார். காரைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“டீச்சரம்மாவை எங்க?” என்று அவர்தான் முதலில் கேட்டார்.

“மெட்ராஸ்ல இருக்காங்க ஆச்சி.”

“மெட்ராஸ்லயா? எப்படிப் போவாவ? பரஸ்தானம் இங்கன இருக்குல்லா. நேத்து பூரா வாசலைப் பாத்துக்கிட்டே இருக்கேன். காருல போனாவன்னு சொன்னாங்க. எதுவும் சாமான் வாங்கப் போயிருப்பாவ, திரும்பி வருவாவ, பரஸ்தானம் மூணு நாளைக்குச் செல்லும்லான்னு நெனச்சுப் பேசாம இருந்துட்டேன்.”

“அந்தப் பையிலதான் ஆச்சி பாஸ்போர்ட் இருக்கு. அது இல்லாம ப்ளேன்ல ஏத்த மாட்டாங்க. குடுங்க, நான் கொண்டு சேத்துருதேன்.”

“நீங்க யாரு?”

சொன்னேன்.

“காரை அனுப்புனது நீங்கதானா?”

“ஆமா.”

“நல்ல காரியம் செஞ்சிய. வாசல்ல காரைக் கொண்டாந்து நிறுத்துனா மனுசருக்கு வடக்குத் தெரு நெனப்பு வருமா?”

எங்கள் முதலாளி முதல் நான் படித்த புத்தகங்கள் வரை ஒருவரும் அந்தத் தவறை இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

பை அவர் இடுப்பில் இருந்தது. சேலைக் கொசுவத்துக்குள் செருகி, மேலே முந்தானையை இறுக்கிச் சுற்றியிருந்தார். வயலுக்குப் போனபோதும் அப்படியேதான் போயிருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து கீழே வைக்கவில்லையாம்.

“டீச்சரே போன்ல சொன்னாங்க ஆச்சி, உங்ககிட்ட வாங்கிக்கிடச் சொல்லி.”

“என் காதால நான் கேக்கலியே.”  பிறகு அவர் பேசியதை அன்றிரவே நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். “தம்பி, டீச்சரம்மாவுக்கு ஊருல வேற வீடு இல்லாமலா? சொந்தக்காரங்க வீடு நாலு இருக்கு. கோயில் இருக்கு. அங்கன எல்லாம் வைக்காம என் வீட்டுல கொண்டாந்து வச்சாவ. ‘இவ வீட்டுலயா பரஸ்தானம் வைப்பாவ?’ன்னு தெருவுல பேசுனாளுவ. எனக்குக் கேக்கத்தானே பேசுனாளுவ? இன்னைக்கு ஒரு ஆளு காருல வந்து கேட்டான், குடுத்துட்டேன்னா, நாளைக்கு என்ன பேசுவாளுவ?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தாகப் போகிறது. பிடுங்க முடியாது. பிடுங்கவும் கூடாது.

“அப்ப என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க.”

“நானே கொண்டாந்து குடுக்கேன்.”

“மெட்ராஸ் ஆச்சி. நானூறு மைல்.”

“எம்புட்டு மைலா இருந்தா என்ன? வடக்கதான இருக்கு?” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டினார். காரில் ஒரு காலை வைத்தவர், எடுத்துவிட்டார். “இன்னைக்குப் புதன். இன்னைக்கும் வடக்க சூலம்.”

எதிர் வீட்டிலிருந்து ஒரு செம்பில் பால் வந்தது. அவர் குடித்தார். டிரைவருக்குக் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். கொதிக்கக் கொதிக்க இருந்தது. சனிக்கிழமை சிரித்த வாயால் புதன்கிழமை அதைக் குடித்தேன். மதுரை வரை நாக்கு எரிந்துகொண்டே இருந்தது.

எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக ஓட்டினோம். நாலு மணி நேரத்தில் அவரிடம் பேசி எப்படியாவது பையை வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு முழுக்க டீச்சரைப் பற்றித்தான். உலகம்மாளின் மகளுக்கு டீச்சர் ஐந்து வருஷம் தன் வீட்டிலேயே வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த மகள் இப்போது திருச்சியில் நர்ஸ்.

மதுரை விமான நிலையத்தில் கவுண்டரில் விசாரித்தேன். ஓர் இடம்தான் இருந்தது.

பத்து நிமிஷத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றார்கள். நியாயமாகப் பார்த்தால் நான்தான் போக வேண்டும். படித்தவன், மெட்ராஸ் தெரிந்தவன், தொழில்காரன். ஆனால் பை என்னிடம் இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் நான் எனக்குள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டேன்: இந்தப் பையைத் தவறவிடுகிற ஆள் யார், இவரா நானா? சனிக்கிழமை பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பார்க்காமல் விட்டவன் நான். திங்கட்கிழமை வாங்கியதைப் புதன்கிழமை வரை இடுப்பைவிட்டு இறக்காதவர் இவர். கிழமைகளை எழுதிவைக்கிறவனுக்கு இதைவிடத் தெளிவாக ஒரு பதில் கிடைக்காது.

“ஆச்சி, நீங்க போறீங்களா? தனியா?”

“அதுக்குத்தான வந்தேன்.”

கவுண்டரில் இருந்தவர் தயங்கினார். உலகம்மாளின் வெறுங்காலைப் பார்த்தார். “தனியாவா அனுப்புறீங்க? எழுதப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“விவரம் தெரியாதவங்களை இப்படி அனுப்பினா அப்புறம் எங்களைச் சொல்லக்கூடாது…”

“யாருய்யா விவரம் தெரியாதவ?” உலகம்மாள் முன்னால் வந்துவிட்டார். “அணைக்கட்டுல மடையைத் திறந்தா எந்த வயலுக்கு எத்தனை நாழியில தண்ணி வந்து சேரும்? உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். சீட்டைக் கிழிங்க.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கவுண்டர்காரரும் சிரித்துவிட்டார். டிக்கெட்டில் உலகம்மாள் பெயரை எழுதினார். அதற்குப் பணம் யார் கணக்கிலிருந்து கொடுத்தது என்ற சண்டை பிறகு அலுவலகத்தில் நடந்தது, அது இங்கே வேண்டாம்.

வெளியே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். டீச்சரை லாட்ஜிலேயே வைத்திருந்து, பை வந்தபிறகு கூட்டிக்கொண்டு போகலாம் என்பது ராதாபுரத்துக்காரரின் எண்ணம். “பாஸ்போர்ட் இல்லாம ஏர்போர்ட்ல போய் என்னவே செய்ய?” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எழும்பூருக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில் மெட்ராஸின் சாயங்காலம் இருக்கிறது. அதை நம்பி ஒரு காரியத்தை விடக்கூடாது. டீச்சரை இப்போதே பெட்டியோடு கூட்டிப்போய் வெளிநாட்டு விமானம் புறப்படும் கட்டிடத்தில் உட்கார வையுங்கள், விமான நிறுவனத்து ஆட்களிடம் அவரே நடந்ததைச் சொல்லட்டும், டாக்சிக்காரர் கூட இருக்கட்டும், நீங்கள் மட்டும் உள்ளூர் விமானம் வந்து இறங்கும் வாசலில் நில்லுங்கள் என்றேன்.

“சரி, பேரைச் சொல்லும். அட்டையில எழுதிக்கிடுதேன்.”

“அட்டை வேண்டாம் அண்ணாச்சி. அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது.”

“பின்ன, நான்தான்னு எப்படிக் கண்டுபிடிப்பாவ?”

நானும் அதை அப்போதுதான் யோசித்தேன். எத்தனை வருஷமாக எத்தனை வயதானவர்களுக்காக அட்டையைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்! கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இறங்கியவர்கள், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்கள், எங்கள் அட்டையிலிருந்த இங்கிலீஷைக் கண்டு மிரண்டவர்கள். அவர்களெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“உங்க ரூம்ல கருப்பட்டி வந்த ஓலைப்பெட்டி கெடக்கும்லா?”

“கெடக்கு.”

“அதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடியும்.”

“ஏவே, மீனம்பாக்கத்துல கோட்டுப் போட்டவன்லாம் அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். நான் பனையோலைப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கவா? சிரிக்க மாட்டானுவளா?”

“சிரிக்கட்டும் அண்ணாச்சி.”

உலகம்மாளிடம் வந்து சொன்னேன். இறங்கி வெளியே வந்ததும் கூட்டம் நிற்கும், ஒருவர் ஓலைப்பெட்டியைத் தூக்கிப் பிடித்திருப்பார், அவரிடம் மட்டும் போங்கள்.

“சரி. எறங்கணும்னா நான் சொல்லணுமா, அவனே நிப்பாட்டுவானா?”

“அவனே நிப்பாட்டுவான். எல்லாரும் எறங்கும்போது எறங்குங்க.”

உள்ளே போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பரஸ்தானப் பை கையில் இருக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாதாம். காரிலேயே சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. நம் தொழிலில் கஷ்டமான நேரம் அதுதான். ஒரு முதியவரைத் தனியாக அனுப்பிவிட்டேன். ஏதாவது ஆகியிருந்தால் இன்று நான் உங்களுக்கு எதையும் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். திரும்பும் வழியில் கோவில்பட்டியில் காரை நிறுத்தி, பூத்திலிருந்து லாட்ஜுக்கு அடித்தேன். மூன்று தடவை யாரும் எடுக்கவில்லை. அங்கேயே காத்திருந்து ராத்திரி அடித்த நாலாவது தடவை ராதாபுரத்துக்காரரே எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“இப்பத்தாம்வே வந்து நுழையுதோம். ஏறிட்டாவ.”

“டீச்சரா?”

“பின்ன நானா? கேளும். பெட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கேன். பக்கத்துல ஒருத்தன், ‘அண்ணே, பெட்டியில என்ன, பதனியா?’ங்கான். இவங்க வெளிய வந்தாவ பாரும், அத்தனை அட்டையையும் தள்ளிக்கிட்டு நேரா என்கிட்ட வந்து, ‘ராதாபுரமா?’ன்னு கேட்டாவ. பெட்டி முடைச்சிருக்க விதத்தைப் பாத்தே ஊரைச் சொல்லிட்டாவ. அடுத்த கட்டிடத்துக்கு ஓட்டமும் நடையுமாப் போனோம். டீச்சரு கையை நீட்டுதாவ, இவங்க குடுக்க மாட்டேங்காவ. ‘வடக்க எது?’ன்னு போலீஸ்காரர்கிட்ட கேக்காவ. அவரு முழிக்காரு. ஒருமாதிரி தெசையைக் கண்டுபிடிச்சு, டீச்சரை வடக்கப் பாத்து நிறுத்தி, பையைக் கையில குடுத்து, ‘போய்க்கிட்டே இருங்க, திரும்பிப் பாக்காதிய’ன்னாவ. அவங்களும் போயிட்டாவ.”

“ஆச்சி எங்க?”

“மூணாம் நம்பர் ரூம். கீழ்த்தளம். கக்கூஸை முதல்ல காட்டிட்டேன்.”

மறுநாள் உலகம்மாள் கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, பார்த்துவிட்டு, மாலை ரயிலில் ஊர் திரும்பினார். ஸ்டேஷனில் நான் போய் அழைத்து வந்தேன்.

அதே வாரம் முதலாளி ஒரு பலகை எழுதி வாங்கி வந்தார். உங்கள் சுவரில் இருக்கும் அதே வாக்கியம், மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. நான் ராஜினாமாக் கடிதம் ஒன்று எழுதி, அதையும் பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுங்கள் என்று கொடுத்தேன்.  மூன்றாம் நாள் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பலகையை என்னிடம் தூக்கிக் கொடுத்தார். அது இப்போதும் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருக்கிறது.

என் தாளில் பதினைந்தாவது கேள்வி ஒன்று சேர்ந்தது: ‘பரஸ்தானம் வைத்திருக்கிறீர்களா? எந்த வீட்டில்?’ உடன் வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் அந்தக் கேள்வியை நீக்கவில்லை. அந்தக் கேள்வியால் அடுத்த சில வருஷங்களில் ஒரு விசாக் கடிதமும் ஒரு பல் செட்டும் தப்பின. கேள்விகளைச் சனிக்கிழமை கேட்டிருந்தாலும் வண்டி ஏறும் நாளில் மறுபடி முதலிலிருந்து கேட்டேன். பயணியின் வீட்டு வாசலுக்குக் கார் அனுப்புவதற்கு முன், அவர் தானாகப் போவதாக இருந்தால் எந்த வழியாகப் போவார் என்று கேட்டுக்கொண்டேன். மீனம்பாக்கத்தில் எங்கள் ஆட்கள் அட்டை பிடிப்பதை நிறுத்தி ஓலைப்பெட்டி பிடித்தார்கள். கோட்டுப் போட்டவர்கள் சிரித்தார்கள். எங்கள் முதியவர்கள் அந்தச் சிரிப்பைத் தாண்டி நேராக எங்களிடம் வந்தார்கள்.

கவனக்குறைவு யாருடையது என்று நீங்கள் சுவரில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று நாளில் கவனமாக இருந்தவர் ஒரே ஒருவர். அவருக்கு உங்கள் சுவரில் இருப்பதை வாசிக்கத் தெரியாது.

புரட்டாசியில் டீச்சரிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்று எனக்கு, ஒன்று உலகம்மாளுக்கு. உலகம்மாளுக்கு வந்ததை நானே ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொண்டுபோய் அவர் வாசலில் உட்கார்ந்து வாசித்தேன். தங்கைக்கு நினைவு இருந்தது, அடையாளம் தெரிந்துகொண்டாள், ‘யக்கா, நீயும் கெழவி ஆயிட்டியே’ என்று சொல்லிச் சிரித்தாள், பதினோரு நாள் பேசிக்கொண்டே இருந்தோம், பன்னிரண்டாம் நாள் காலையில் போய்விட்டாள் என்று எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி: ‘உலகம்மா, ஏர்போர்ட்டில் உனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டேன். திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.’

உலகம்மாள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

“திரும்பிப் பாத்திருந்தாவன்னா,” என்றார், “அங்கனயே நல்லா ஏசியிருப்பேன்.”